ஓய்வுக்குப் பின் எவ்வளவு வேகம்?

கணிப்பொறி ஒன்று மற்றொரு கணிப்பொறிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த அனுப்பல் நடுவில் நிற்கிறது. வழியில் கோளாறு ஒன்றும் இல்லை. அனுப்புவதற்குச் செய்தி இல்லை, அவ்வளவுதான். அரை நிமிடம் கழிகிறது. அனுப்ப வேண்டியது மறுபடி வந்து சேருகிறது. இப்போது அது எந்த வேகத்தில் தொடங்குவது? நிறுத்தியபோது இருந்த வேகத்திலா? அல்லது அந்த வழியில் அன்றுதான் முதன்முதலாக அடியெடுத்து வைப்பதுபோல் மெல்ல மெல்லவா?

இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். 1988-இல் இதற்கு ஒரு விடை கூறப்பட்டது. 2000-இல் மற்றொரு விடை. 2015-இல் வேறொரு விடை. அறிவியலார் மூன்று விடை கூறியிருக்கிறார்கள் என்றால் கேள்வி எளியதன்று என்பது விளங்கும். அஃதன்றி, ஒரே விடை சென்னையில் இருப்பவனுக்கு ஒரு விதமாகவும் அந்தமானில் இருப்பவனுக்கு வேறு விதமாகவும் பலன் தந்தது. நான் அந்தமானில், ஜங்லிகாட்டில் வளர்ந்தவன். ஆகவேதான் பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தோடு முடிந்துபோகும் இப்பொருளை நம் சங்க இதழில் சற்று விரித்து எழுதத் துணிந்தேன்.

ஜங்லிகாட் என்னும் பெயரில் உள்ள ‘காட்’ என்பதைக் காடு என்று கொள்ள வேண்டா. இந்தியில் அது படித்துறை. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேர் நகரத்தின் ஒரு பகுதி அது. மீன்பிடி படகுகள் வந்து அணையும் இடம். தமிழும் தெலுங்கும் வங்காளமும் இந்தியும் ஒரே தெருவில் கேட்கும். என் பாட்டனார் இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர். கப்பல் சென்னையிலிருந்து போய்ச் சேர மூன்று நாள் ஆகும். ஆள் போக மூன்று நாள் ஆனாலும் செய்தி போகக் கணப்பொழுது போதுமே என்று நினைப்பீர்கள். 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னைக்கும் அந்தமான் நிகோபார்த் தீவுகளுக்கும் இடையே கடலடி வடம் திறக்கப்பெறும் வரையில், தீவிலிருந்து இந்தியப் பெருநிலத்திற்குச் செய்தி சென்ற வழி வானம். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து இறங்கிச் செல்ல வேண்டும். மறுமொழியும் அவ்வாறே ஏறி இறங்கி வர வேண்டும். இந்த நான்கு பயணத்தையும் கூட்டினால் ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. ஒளியின் வேகத்திலேயே போனாலும் ஏறத்தாழ அரை விநாடி. இடையில் உள்ள கருவிகளின் தாமதத்தையும் சேர்த்தால் 0.6 விநாடி என்று கொள்ளலாம்.

2019-ஆம் ஆண்டில், கல்லூரி விண்ணப்பம் நிரப்புவதற்காகக் கடைத்தெருவில் உள்ள ஓர் இணைய மையத்திற்குப் போவேன். விண்ணப்பம் ஆறு ஏழு பக்கம். ஒரு பக்கத்தை நிரப்பச் சில நிமிடம் ஆகும். பிறகு சான்றிதழின் படத்தை ஏற்ற வேண்டும். பிறகு அடுத்த பக்கம். மையத்தின் உரிமையாளர் அடிக்கடி வந்து, “தம்பி, சும்மா வைக்காதே. ஏதாவது அமுக்கிக்கொண்டே இரு. விட்டுவிட்டால் மறுபடி ஆமை வேகம்தான்” என்பார். அவர் பொறியியல் படித்தவர் அல்லர். பல நூறு பேர் விண்ணப்பம் நிரப்பியதைப் பார்த்துப் பார்த்து அறிந்தவர். அவர் சொன்னதில் பாதிக்குக் காரணம் வேறு: சும்மா இருந்தால் அந்த இணையதளமே நம்மை வெளியே தள்ளிவிடும். மீதிப் பாதிக்குக் காரணம்தான் இக்கட்டுரையின் பொருள்.

இணையத்தில் செய்தி ஒரே மூட்டையாகப் போவதில்லை; சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பப்படுகிறது. ஒரு பொட்டலம் பெரும்பாலும் 1,500 பைட் அளவுக்கு மேற்படாது. பெற்றுக்கொண்ட கணிப்பொறி, பெற்றேன் என்று ஒரு சிறு பற்றுச்சீட்டு அனுப்பும். சீட்டு வராவிட்டால் பொட்டலம் வழியில் தொலைந்தது என்று கருதி மறுபடி அனுப்ப வேண்டும். இந்த ஒழுங்குமுறைக்கு டி.சி.பி. என்று பெயர். 1974-இல் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர் எழுதிய கட்டுரையில் இதன் கரு இருக்கிறது.

ஒரு பொட்டலம் அனுப்பிச் சீட்டு வந்தபின் அடுத்ததை அனுப்புவது என்று வைத்தால், வான்வழியில் 0.6 விநாடிக்கு ஒரு பொட்டலம்தான் போகும். அது மிகக் குறைவு. ஆதலால் சீட்டு வருவதற்கு முன்பே பல பொட்டலங்களை வழியில் விட்டு வைக்கலாம். எத்தனை விடலாம் என்னும் எண்ணுக்குச் ‘சாளரம்’ என்று பெயர். சாளரம் பெரிதானால் வேகம் மிகும், சிறிதானால் குறையும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது என்றால் இந்த எண்ணைக் கட்டுப்படுத்துவதே. வழி எவ்வளவு தாங்கும் என்பதை அனுப்புகிறவனுக்கு எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அனுப்பி அனுப்பித்தான் அவன் அறிய வேண்டும்.

அறியாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை 1986 அக்டோபரில் உலகம் கண்டது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடையே தொலைவு நானூறு கெஜம்தான். ஜங்லிகாட் துறையில் இறங்கிக் கடைத்தெருவுக்கு நடக்கும் தொலைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 32,000 பிட் சென்ற அந்த வழியில் திடீரென்று 40 பிட் மட்டுமே செல்லத் தொடங்கிற்று. எண்ணூறில் ஒரு பங்கு! விநாடிக்கு ஐந்து எழுத்து! வழி அறுந்துபோகவில்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் அனுப்பினார்கள், இடைப்பட்ட கருவிகளின் வரிசை நிரம்பிப் பொட்டலங்கள் கீழே விழுந்தன, விழுந்தவற்றை எல்லாரும் மறுபடி அனுப்பினார்கள், அவையும் விழுந்தன. வழி முழுவதும் பயனற்ற மறுபிரதிகளே நிரம்பின. இத்தகைய விபத்து நேரக்கூடும் என்று ஜான் நேகிள் என்பவர் 1984-இலேயே எழுதியிருந்தார். அதற்கு ‘நெரிசல் வீழ்ச்சி’ என்று பெயரிட்டவரும் அவரே.

அங்கே பணியாற்றிய வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸ் என்னும் இருவர் இதற்கு மருந்து கண்டனர். 1988-இல் ஜேக்கப்சன் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறையில் படிக்கப்படுகிறது. மருந்தின் சாரம் எளியது. தொடக்கத்தில் ஒரே ஒரு பொட்டலம் அனுப்பு. சீட்டு வந்தால் இரண்டு. அவற்றிற்கும் வந்தால் நான்கு. இவ்வாறு ஒவ்வொரு போய்வரும் நேரத்திற்கும் இரட்டித்துக்கொண்டே போ. ஒரு வரம்பை எட்டியபின் ஒவ்வொன்றாகக் கூட்டு. பொட்டலம் தொலைந்தால் சாளரத்தைக் குறை. இரட்டிப்பதற்கு ‘மெதுவான தொடக்கம்’ என்று பெயர் வைத்தார்கள். இரட்டித்து ஏறுவதை மெதுவென்று சொல்வது வேடிக்கைதான். முன்பு இருந்த வழக்கத்தோடு ஒப்பிட்டால் அது மெதுவே.

இதில் நுட்பமான கருத்து ஒன்று இருக்கிறது. அதை விளங்கிக்கொண்டால் ஓய்வைப் பற்றிய சிக்கல் தானே விளங்கும்.

மீன் துறையை நினைத்துக்கொள்ளுங்கள். படகிலிருந்து இறங்கிய மீன் பெட்டிகளைக் குறுகிய சந்து வழியாகச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். சந்தையில் பெட்டி சேர்ந்ததும் ஒரு சீட்டு துறைக்குத் திரும்புகிறது. துறையில் நிற்கும் கணக்கர் ஒரு சீட்டு வந்தால் ஒரு பெட்டியை அனுப்புகிறார். சந்தின் மிகக் குறுகிய இடத்தில் எந்த இடைவெளியில் பெட்டிகள் நுழைந்து போகின்றனவோ, அதே இடைவெளியில்தான் சீட்டுகள் திரும்பி வரும். ஆகவே கணக்கர் கையில் கடிகாரம் வேண்டா. சந்தின் அகலம் அவருக்குத் தெரிய வேண்டா. சீட்டு வருகிற தாளமே அவருக்குக் கடிகாரம். ஒன்று வெளியேறினால் ஒன்று உள்ளே; சந்து நிறைந்திருக்கும், ஆனால் அடைபடாது.

இப்போது படகு தீர்ந்துவிட்டது. சிறிது நேரம் வேலை இல்லை. கடைசிச் சீட்டும் வந்து சேர்ந்தது. அடுத்த படகு எண்பது பெட்டியோடு வருகிறது. “வழியில் எண்பது பெட்டி வரை விடலாம்” என்று கணக்கரின் ஏட்டில் எழுதியிருக்கிறது. தாளம் கொடுக்கும் சீட்டு ஒன்றுகூட வழியில் இல்லை. ஏட்டை நம்பி எண்பதையும் ஒரே மூச்சில் சந்துக்குள் தள்ளினால் என்ன ஆகும்? முதல் ஆபத்து இதுதான். இரண்டாவது ஆபத்து: ஏட்டில் எண்பது என்று எழுதியபோது சந்து காலியாக இருந்தது. இடைப்பட்ட நேரத்தில் வேறு பத்துப் பேர் அதே சந்தைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கலாம். ஏட்டில் உள்ள எண் பொய்யன்று, ஆனால் பழையது.

ஓய்வுக்குப் பின் வேகத்தை ஏன் கட்டுப்படுத்த வேண்டும் என்பதற்கு இவ்விரண்டுமே காரணம். தாளம் நின்றுபோயிற்று, அறிவு பழசாயிற்று.

இதற்கு 1988-இன் விடை கண்டிப்பானது: ஓய்வு நேர்ந்தால் மறுபடி மெதுவான தொடக்கத்திலிருந்து வா. பின்னர் 1999-இலும் 2009-இலும் வெளியான இணைய ஆவணங்கள் இதை விதியாக எழுதின. சீட்டுக்காகக் காத்திருக்கும் எல்லை ஒன்று உண்டு. அதற்கு மேல் ஒன்றும் அனுப்பாமல் இருந்துவிட்டால், முதன்முதல் தொடங்கும்போது இருக்கும் சாளரத்திற்கு மேல் போகாமல் தொடங்க வேண்டும் என்பது அவ்விதி. முதல் சாளரம் பழங்காலத்தில் ஒரு பொட்டலம். 2013-இல் வந்த திருத்தத்திற்குப் பின் பத்துப் பொட்டலம் வரை.

இந்தக் கண்டிப்பின் விலை என்ன? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவனுக்கு விநாடிக்கு 2 மெகாபிட் வேகம் கிடைக்கிறது என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். வான்வழியில் போய்வரும் நேரம் 0.6 விநாடி. இரண்டையும் பெருக்கினால் 1,50,000 பைட்; அதாவது நூறு பொட்டலம். வழி நிறைந்திருக்க நூறு பொட்டலச் சாளரம் வேண்டும். அவன் ஏற்ற வேண்டிய சான்றிதழ்ப் படமும் நூறு பொட்டலம் என்று கொள்வோம். பழைய சாளரம் அப்படியே இருந்தால், அனுப்ப 0.6 விநாடி, கடைசிச் சீட்டு வர 0.6 விநாடி, ஆக 1.2 விநாடியில் வேலை முடியும். பத்திலிருந்து தொடங்கினால் 10, 20, 40, மீதி 30 என நான்கு சுற்று, 2.6 விநாடி ஆகும். ஒன்றிலிருந்து தொடங்கிய பழைய முறையிலோ ஏழு சுற்று. நாலரை விநாடிக்குச் சற்றுக் குறைவு.

அதே கணக்கைக் கடலடி வடத்திற்குப் போடுவோம். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நேர்தொலைவு ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வரக் குறைந்தது 14 மில்லி விநாடி. கணக்கிற்கு 20 என்று வைப்போம். 2 மெகாபிட் வேகத்திற்கு அவ்வழி நிறைய மூன்று நான்கு பொட்டலமே போதும். பத்திலிருந்து தொடங்குகிறவனுக்கு இவ்விதி இருப்பதே தெரியாது! வேகம் 100 மெகாபிட் என்று உயர்த்தினாலும் நூற்றறுபத்தேழு பொட்டலச் சாளரம் வேண்டும். ஐந்து சுற்றில் எட்டிவிடலாம். ஐந்து சுற்று என்பது பத்தில் ஒரு விநாடி.

இதைக் கவனியுங்கள். விதி நேரத்தை விநாடியால் அளக்கவில்லை, சுற்றால் அளக்கிறது. எல்லாருக்கும் நான்கு சுற்று என்பது பார்வைக்குச் சமநீதி. ஆனால் வான்வழியில் இருப்பவனின் ஒரு சுற்று, வடத்தில் இருப்பவனின் முப்பது சுற்றுக்குச் சமம். எச்சரிக்கையின் பயன் எல்லாருக்கும் பொது. அதன் விலையைத் தொலைவில் இருப்பவனே கொடுக்கிறான். ஒரு தடவைக்கு ஒன்றரை விநாடி பெரிதா என்று கேட்கலாம். ஒரே கோப்பைத் தொடர்ந்து இறக்குகிறவனுக்குப் பெரிதன்று. அவன் ஒரு முறைதான் ஏறுகிறான். விட்டு விட்டு வேலை செய்கிறவன் — பக்கத்தைப் படித்து, நிரப்பி, ஏற்றி, மறுபடி படிக்கிறவன் — ஒவ்வொரு முறையும் அடிவாரத்திலிருந்து ஏறுகிறான். கடைசித் தேதி மாலையில் விண்ணப்பம் நிரப்பியவர்களுக்கு இது விளங்கும்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையன்று. எங்கள் தீவில் இணையம் ஆமையாக இருந்ததற்கு இவ்விதி ஒன்றே காரணம் என்று நான் சொன்னால் அது பொய். வான்வழி ஒடுக்கமானது, அதைத் தீவு முழுவதும் பங்கிட்டுக்கொண்டது. அதுவே முதற்காரணம். அத்தகைய ஒடுக்கமான வழிக்குத்தான் எச்சரிக்கையும் மிகுதியாக வேண்டும். நூறு பொட்டல நினைவோடு ஐம்பது பேர் படித்துக்கொண்டிருக்கிறார்கள்; தேர்வு முடிவு வெளியாகும் நேரம் வந்தது; ஐம்பது பேரும் ஒரே நொடியில் விசையை அமுக்கினார்கள் என்று கொள்வோம். 5,000 பொட்டலம் ஒரே கணத்தில் வாயிலுக்கு வந்து நிற்கும். அங்குள்ள கருவியின் வரிசையில் ஆயிரத்துக்கு இடம் இருந்தால் மற்றவற்றில் பெரும்பகுதி கீழேதான் விழும். அன்று பெர்க்லியில் நடந்தது இங்கே சிறிய அளவில் நடக்கும். ஆகவே, கட்டுப்பாடே வேண்டா என்பது என் கட்சியன்று. கட்டுப்பாட்டை எவ்வாறு வைப்பது என்பதே கேள்வி.

2000-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மார்க் ஹேண்ட்லி, ஜிதேந்திர பாத்யே, சாலி ஃபிளாய்ட் என்னும் மூவர் ஆர்.எஃப்.சி. 2861 என்னும் ஆவணத்தில் ஒரு நடுவழி கூறினர். பழைய சாளரத்தை ஒரேயடியாக மறக்க வேண்டா. சிறிது சிறிதாக மற. காத்திருப்பு எல்லை ஒன்று கழிந்தால் சாளரம் பாதி. இன்னொன்று கழிந்தால் கால். அதோடு, மறப்பதற்கு முன் இருந்த அளவில் முக்கால் பங்கை வரம்பாகக் குறித்து வைத்துக்கொள். திரும்பி ஏறும்போது அதுவரையில் இரட்டித்து ஏறலாம். தொலைந்துபோன செல்வத்தின் கணக்கையாவது வைத்திருப்பதுபோல் இது.

அவர்கள் மற்றொரு குறையையும் சுட்டினர். எனக்கு இது ஓய்வைவிடச் சுவையான பகுதி. ஒருவன் முற்றிலும் ஓய்ந்திருக்கவில்லை. ஆனால் சாளரம் நூறு இருக்கப் பத்துப் பன்னிரண்டு பொட்டலமே அனுப்பிக்கொண்டிருக்கிறான். அவற்றிற்குச் சீட்டு ஒழுங்காக வருகிறது. சீட்டு வந்தால் சாளரத்தைக் கூட்டு என்பதுதானே விதி? ஆகவே நூறு நூற்றைம்பதாகி, இருநூறாகிறது. இருநூறை வழி தாங்கும் என்று எவன் சோதித்தான்? எவனும் இல்லை. நாள்தோறும் இரண்டு பெட்டி சுமந்தவன், சுமந்த நாட்களை எண்ணி, இருபது பெட்டி சுமப்பேன் என்று சொல்வது போன்றது அது. ஆதலால், முழுதும் பயன்படுத்தப்படாத சாளரத்தை வளர்க்கக் கூடாது. பயன்படுத்திய அளவை நோக்கி அதை மெல்ல இறக்க வேண்டும் என்றனர்.

கருத்து நல்லது, மறதி மட்டும் மிக விரைவு. வான்வழியில் காத்திருப்பு எல்லை ஒரு விநாடி என்று கொண்டால் 100, 50, 25, பன்னிரண்டு சொச்சம், பத்து. நான்கு விநாடி சும்மா இருந்தால் எல்லாம் போயிற்று! விண்ணப்பத்தில் தந்தை பெயரைத் தட்டி முடிப்பதற்குள் நான்கு விநாடி ஆகிவிடும். ஒரே மறதி என்பதற்கும் சிறிது சிறிதாக மறதி என்பதற்கும் மனிதனின் ஓய்வு நேரத்தை வைத்துப் பார்த்தால் வேறுபாடே இல்லை.

விதி இவ்வாறு இருந்ததால் பலரும் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடினர். சிலர் ஒரே வேலைக்குப் பல இணைப்புகளைத் திறந்து வைத்தனர். சிலர் சாளரம் சுருங்காமல் இருக்கப் பொருளற்ற வெற்றுச் செய்திகளை இடையிடையே அனுப்பினர். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. “சும்மா வைக்காதே, ஏதாவது அமுக்கிக்கொண்டே இரு” என்று இணைய மையக்காரர் சொன்னதை, உலகெங்கும் மென்பொருள் எழுதுகிறவர்களும் செய்துகொண்டிருக்கிறார்கள்! தனியொருவனுக்கு இது நன்மையாகத் தோன்றும். பொதுவழிக்கோ இது தீமை. ஒடுக்கமான வழியில் எவருக்கும் பயன்படாத பொட்டலம் இடம் பிடித்துக்கொள்கிறது. நெரிசலைத் தடுக்க வந்த விதி நெரிசலைக் கூட்டத் தூண்டிற்று.

2015 அக்டோபரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 7661 இந்த நிலையைத் திருத்த முயன்றது. எழுதியவர்கள் கோரி ஃபேர்ஹர்ஸ்ட், அர்ஜுனா சத்தியசீலன், ரஃபாயெல்லோ செக்கி. இது 2000-ஆம் ஆண்டு ஆவணத்தை நீக்கி அதன் இடத்தில் அமர்ந்தது. கட்டாய விதியாக அன்று, சோதனை நிலையில். இதன் போக்கு முற்றிலும் வேறு. ஓய்ந்திருப்பவனைத் தண்டிக்க வேண்டா. அவன் சாளரத்தை ஐந்து நிமிடம் வரை அப்படியே வைத்திரு. ஆனால் அது சோதிக்கப்படாத எண் என்பதை மறவாதே. அண்மையில் உண்மையாகப் போய்ச் சேர்ந்த அளவு சாளரத்தில் பாதிக்காவது வந்தால்தான் அதைச் சோதித்த எண்ணாகக் கொள். அதுவரை அதை வளர்க்காதே. தொடங்கியபின் ஒரு பொட்டலம் தொலைந்தது என்று தெரிந்தால் உடனே, பழைய பெருமையைப் பாராமல், உண்மை அளவுக்கு இறங்கிவிடு.

எடுத்துக்காட்டு ஒன்று. ஏட்டில் நூறு. அண்மையில் அனுப்பியது பன்னிரண்டு. இப்போது அறுபது அனுப்பினோம், பத்து தொலைந்தது. நூற்றில் பாதி ஐம்பது என்று கணக்கிடக் கூடாது. அறுபதில் தொலைந்த பத்தைக் கழித்தால் ஐம்பது. அதில் பாதி இருபத்தைந்து. அதுவே புதிய சாளரம். நூறு என்னும் எண் அத்தோடு ஒழிந்தது. ஐந்து நிமிடம் கடந்தும் சோதிக்கப்படாமலே இருந்தால் சாளரத்தைப் பாதியாக்க வேண்டும்.

ஐந்து நிமிடம் என்பது எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழுந்த எண்ணன்று, ஓர் உடன்பாடு. மனிதர் வேலைக்கு நடுவே எடுத்துக்கொள்ளும் ஓய்வைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். வழியின் நிலை மாறிவிடும் அளவுக்குப் பெரிதாக இருத்தல் கூடாது. ஒன்று மட்டும் எனக்கு நிறைவு தருகிறது. இங்கே நேரம் சுற்றால் அளக்கப்படவில்லை; கடிகாரத்தால் அளக்கப்படுகிறது. ஜங்லிகாட்டில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவனுக்கும் சென்னையில் உட்கார்ந்து நிரப்புகிறவனுக்கும் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடம்தான். அவன் அடிவாரத்திலிருந்து மறுபடி ஏற வேண்டியதில்லை. வழி உண்மையில் நெருங்கியிருந்தால் மட்டுமே இறங்க வேண்டும். குற்றம் செய்யக்கூடும் என்று முன்கூட்டித் தண்டிப்பதற்கும், குற்றம் கண்டபின் கடுமையாகத் திருத்துவதற்கும் உள்ள வேறுபாடு இது.

அப்படியானால் தாளத்தின் கதி என்ன? நூறு பொட்டலத்தை ஒரே மூச்சில் தள்ளும் ஆபத்து இன்னும் இருக்கிறதே? அதற்கு மருந்து வேறு: சீட்டுகள் தாளம் கொடுக்கவில்லையானால் அனுப்புகிறவனே தாளம் போட்டுக்கொள்ள வேண்டும். நூறு பொட்டலத்தை 0.6 விநாடியில் சீராகப் பரப்பி, ஆறு மில்லி விநாடிக்கு ஒன்றாக விட வேண்டும். முன்பு சொன்ன ஐம்பது பேரின் கணக்கை மறுபடி பாருங்கள். ஆளுக்கு 2 மெகாபிட் வீதம் அவர்களைத் தாங்கக்கூடிய 100 மெகாபிட் வழிக்கு, 0.6 விநாடியில் 5,000 பொட்டலம் கொள்ளும். சீராகப் பரவி வந்தால் ஒன்றுகூடத் தொலையாது. ஒரே கணத்தில் வந்தால் பெரும்பாலானவை தொலையும். எண்ணிக்கை அதுவே, நடை மட்டுமே வேறு. 2021 மே மாதத்தில் விதிகள் வெளியான குவிக் என்னும் புதிய ஒழுங்குமுறையில் இது கட்டாயம்: ஒன்று சீராகப் பரப்பி அனுப்பு, அல்லது ஒரே மூச்சில் தள்ளும் அளவுக்கு வரம்பு கட்டு.

இனி வடத்தைப் பற்றிச் சிறிது. 2018 டிசம்பர் 30-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 2020-இல் திறக்கப்பெற்ற அந்த வடம் மொத்தம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேரோடு ஹேவ்லாக் எனப்பட்ட ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் ஆகிய இடங்களையும் அது தொடுகிறது. வடம் வந்தபின் இவ்வாராய்ச்சி எங்களுக்கு எதற்கு என்று தோன்றும். நானும் முதலில் அவ்வாறுதான் நினைத்தேன். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. குறுகிய இடம் மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு அது வானத்தில் இருந்தது. இப்போது தெருமுனையில் நிற்கும் கைப்பேசிக் கோபுரத்தில் இருக்கிறது. கடலடி வடம் தாங்குவதைக் கோபுரம் தாங்காது. அதோடு, கோபுரத்தின் வழி கணத்துக்குக் கணம் மாறுவது: மழை வரும், ஆள் நடப்பான், கப்பல் வந்த அன்று துறையருகே ஆயிரம் பேர் ஒரே கோபுரத்தைப் பற்றுவார்கள். வான்வழி ஒடுக்கமானாலும் நிலையானது. அங்கே ஐந்து நிமிடத்திற்கு முன் அறிந்ததில் ஓரளவு நம்பிக்கை வைக்கலாம். கைப்பேசியில் ஐந்து நிமிடத்திற்கு முன் அறிந்தது முந்தாநாள் செய்தி. ஆகவே 2015-இன் விடை தொலைவில் உள்ளவனுக்கு நீதி செய்தாலும், கைப்பேசியோடு நடக்கிறவனுக்கு ஐந்து நிமிடம் மிகுதி என்பது என் கருத்து. அதே சமயம், அவனுக்கு மறுபடி ஏற ஆகும் நேரம் பத்தில் ஒரு விநாடிதான். மறந்தாலும் பெரிய நட்டம் இல்லை. நினைவு நீளமாக வேண்டியது போய்வரும் நேரம் நீண்ட வழிக்கே.

இவ்வளவும் ஏட்டறிவாக நிற்க வேண்டா. நம் கணிப்பொறிக் கூடத்தில் உள்ள லினக்ஸ் பொறிகளில் ‘டி.சி.பி. ஸ்லோ ஸ்டார்ட் ஆஃப்டர் ஐடில்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் மதிப்பு இயல்பாக 1. அதாவது ஓய்ந்தால் மற என்று பொருள். 0 என்று மாற்றினால் மறதியே இல்லை. ஐந்து நிமிட வரம்புகூடக் கிடையாது. வேகம் வேண்டுமென்று பலர் இதை 0 ஆக்கிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எனினும் சோதனைக்கு நல்லது. இரண்டு பொறிகளை இணைத்து, நடுவில் மூன்றாவது பொறி ஒன்றை வைத்து, ‘நெட்எம்’ என்னும் கருவியால் போய்வரும் நேரத்தை 600 மில்லி விநாடியாகவும், வேகத்தை 2 மெகாபிட்டாகவும் ஆக்குங்கள். ஒரே இணைப்பில் 1,50,000 பைட் கோப்பை அனுப்பி, பத்து விநாடி சும்மா இருந்து, மறுபடி அதையே அனுப்புங்கள். இரண்டாவது அனுப்பலின் நேரத்தைக் குறியுங்கள். மேலே கண்ட கணக்கின்படி மதிப்பு 1 ஆனால் 2.6 விநாடிக்கு அருகிலும், 0 ஆனால் 1.2 விநாடிக்கு அருகிலும் வர வேண்டும். பிறகு குறுகிய இடத்தில் நிற்கும் வரிசையை ஐம்பது பொட்டலத்திற்கு மேல் கொள்ளாதபடி சுருக்கிவிட்டு, இரண்டு மதிப்புக்கும் மறுபடி செய்யுங்கள். இம்முறை எது முந்தியது என்பதை எண்ணோடு எழுதித் தரும் தோழர்களின் அட்டவணையை அடுத்த இதழில் வெளியிடலாம் என்று ஆசிரியர் இசைந்திருக்கிறார்.